செவ்வாய், வெள்ளியில் மட்டும் கடிக்கிற குழாய்

போன வெள்ளிக்கிழமை விடிகாலை. குளியலறையில் சொம்பு விழுந்து உருண்ட சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே என் நாத்தனாரின் குரல்.

"ஐயோ… கடிச்சிட்ச்சு! இன்னிக்கும் கடிச்சிட்ச்சு!"

ஜவ்வாது மலையில் யாராவது இப்படிக் கத்தினால், கையில் அகப்பட்ட கட்டையோடு ஓடுவதுதான் வழக்கம். பூரானா, தேளா, அதைவிட நீளமானதா… போய்த்தான் பார்க்க வேண்டும். நான் வெறுங்கையோடு ஓடினேன். கடித்தது எது என்று எனக்குத் தெரியும்.

குழாய்.

ஆமாம், தண்ணீர்க் குழாய். கீசரிலிருந்து சுடுதண்ணீர் கொட்டுகிற, பார்வைக்குச் சாதுவான குழாய். கொஞ்ச நாளாகவே அது கடித்துக்கொண்டிருந்தது. அதிலும் ஓர் ஒழுங்கு. திங்கள் கடிக்காது. புதன், வியாழன் கடிக்காது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும். என்னைக் கடிக்காது. என் கணவரைக் கடிக்காது. தனலட்சுமி அக்காவை மட்டும்.

கரண்டுக்குக் கிழமை தெரியுமா என்ன?

தனலட்சுமி என் கணவரின் அக்கா. அடிவாரத்தில், சந்தவாசலில் தனி வீடு. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவரும் டிவியும்தான் மிச்சம். "மேல வந்து எங்களோட இருங்க" என்று கூப்பிட்டோம். "இருந்து பாக்குறேன். ஒத்து வரலன்னா பஸ்ஸு ஏறி போய்ட்டே இருப்பேன்" என்று நிபந்தனை போட்டுவிட்டுப் பொங்கல் கழிந்ததும் வந்தார்.

வந்தது அவர் மட்டுமா? பேச்சும் வந்தது. நான் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவள். என் கணவர் சேகர் சாமை அரைக்கிற மில் வைத்திருக்கிறார் — பகலெல்லாம் மிஷின் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவருக்கு ராத்திரியில் மனுஷக் குரலே அலுப்பு. எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது குக்கர்தான். அக்கா வந்த பிறகு குக்கர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. காலையில் கண் விழிக்கும்போதே வீட்டில் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய கதகதப்பு… அது எனக்கு இந்த மாசிக் குளிரில்தான் தெரிந்தது.

பேச்சோடு சில சட்டங்களும் வந்தன. குளிக்கிற இடத்தில் செருப்பு ஆகாது. துணியைத் துவைத்து முடித்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி வீட்டில் துணி துவைக்கவே கூடாது — லட்சுமி கழுவிக்கொண்டு போய்விடுவாளாம். அந்த இரண்டு நாளும் தலைக்கு எண்ணெய். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் துணி துவைக்க வேண்டாம் என்று சட்டம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுகிற பெண் யார்?

முதல் தடவை குழாய் கடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

"கையில சுர்ர்ருன்னுது. முழங்கை வரைக்கும் எறும்பு ஓடுற மாதிரி" என்று ஈரத்தலையோடு வெளியே வந்தார் அக்கா.

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சேகர் வந்து குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றார், பஸ்ஸில் கம்பி பிடிக்கிற மாதிரி.

"எனக்கு ஒன்னும் அடிக்கலையே க்கா. கீசர் தண்ணி புடிக்கலன்னா நேரா சொல்லிடு. வெறகு அடுப்பு போட்டுத் தர்றேன்."

"ஆமாண்டா, ஒங்க வூட்டு கொழாய கொற சொல்றதுக்குத்தான் மலையேறி வந்தேன்!"

வெள்ளிக்கிழமை மறுபடியும். அடுத்த செவ்வாய் மறுபடியும். இடையில் மற்ற நாளெல்லாம் குழாய் நல்ல பிள்ளை. இதற்குள் அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கீரை ஆய்ந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"செவ்வா, வெள்ளி அம்மனோட நாளு. ஒங்க ரெண்டு பேர ஒன்னும் பண்ணல, என்ன மட்டும் தொரத்துது பாரு. எனக்கு இந்த வூடு ஆவலம்மா."

வாசகர்களே, இந்தப் பத்தியில் வீட்டு விஷயங்களை எழுதுவதாலோ என்னவோ, கீசர், ஹீட்டர் பற்றி உங்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. 'குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ருங்குது… பரவாயில்லைதானே?' என்று. 'பரவாயில்லை' என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கப்படுகிற கேள்வி அது. நானும் அதே பதிலைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கு அடிக்கவில்லையே! தன் விரலில் ஏறாத ஷாக்கை நம்புவது எவ்வளவு கஷ்டம்…

சும்மா இருக்கவும் முடியவில்லை. போன புதன்கிழமை சந்தவாசலிலிருந்து எலக்ட்ரீஷியன் ஏகாம்பரத்தை வரவழைத்தேன். கருப்பு பூட்ஸ், காதில் சொருகிய டெஸ்டர், வாயில் ஓயாத உற்சாகம். டெஸ்டரைக் குழாயில் வைத்தார். எரியவில்லை. பையிலிருந்து ஒரு ஹோல்டரும் குண்டு பல்பும் எடுத்தார். பல்பிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றைப் பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிற ஓட்டையில் செருகினார். இன்னொன்றை மேலே தனியாக இருக்கிற பெரிய ஓட்டையில். அதுதான் எர்த். (நீங்கள் செய்து பார்க்காதீர்கள். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.)

பல்பு பளீரென்று எரிந்தது.

"பாத்தீங்களா மேடம்? எர்த்து சூப்பர். இந்த மலையில இப்படி எர்த்து கெடைக்கிறதே பெருசு. வூட்டுல ஒரு கொறையும் இல்ல." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்குத்தான் நரம்பு ஏதாச்சும்…"

அக்காவுக்குக் காது கூர்மை.

"நரம்புதானே? வா, அந்த பூட்ஸ கயட்டிட்டு வெள்ளிக்கெழம வந்து குளி. யாருக்கு நரம்புன்னு தெரியும்!"

சிரித்தோம். அவரும் சிரித்தார். அதில் இருந்த விடையை யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

நான் ஓடியபோது அக்கா குளியலறை வாசலில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை 'சுர்ர்' இல்லை. கை குழாயோடு ஒட்டிக்கொண்டதாம். உதறி எடுக்க வேண்டியிருந்ததாம். ஒரு நொடியோ, அதற்கும் குறைவோ. ஆனால் அந்த நொடியைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. குரலில் ஏச்சு இல்லை, கேலி இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மெயினை அணைத்தேன்.

"மத்தியான பஸ்ஸுக்கு நான் கெளம்புறேம்மா" என்றார். "உசுரோட இருந்தா பண்டிகைக்கு வந்து போறேன்."

அலமாரியிலிருந்து புடவைகள் இறங்கிப் பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கா? வெள்ளிக்கெழம மேடம், கடையில பூஜை போடணும். நாளிக்கி காலையில வர்றேன்."

"நாளைக்கு வந்தீங்கன்னா அது நல்ல பிள்ளையா நிக்கும். இன்னிக்குத்தான் கடிக்கும். கடிக்கிற அன்னிக்கு வந்து பாருங்க."

புதிர் என்றால் யாருக்குத்தான் கால் அரிக்காது? "பூஜைய தம்பி பாத்துப்பான். வர்றேன்" என்றார்.

வந்தார். நேராகக் குண்டு பல்பை எடுத்தார். மெயினைப் போடுவதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் சொல்ற வரைக்கும் யாரும் ஃபிரிட்ஜு, கொழாய், மிக்சி எதையும் தொடக்கூடாது. எர்த்து சரியில்லன்னா இந்த பல்பு வழியா வர்ற கரண்டு எல்லா மிஷின் மேலயும் ஏறி நிக்கும்." நீங்கள் செய்து பார்க்காதீர்கள் என்றேனே… இதனால்தான்.

மெயின் போட்டார். பல்பு எரிந்தது.

எரிந்ததா? அவிகிற கங்கு மாதிரி, உள்ளே ஒரு சிவந்த இழை. அவ்வளவுதான். ஏகாம்பரம் பல்பைத் தட்டினார். வேறு பல்பு மாற்றினார். அதே சிவப்பு இழை.

"முந்தாநாளு பளிச்சுன்னு எரிஞ்சுதே மேடம்… நீங்களே பாத்தீங்களே… ரெண்டு நாளுல எர்த்து எங்க போச்சு?"

எர்த் என்றால் என்ன? வீட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற ஒரு வழி. ஒயரைவிட்டுத் தப்பிய கரண்ட், யாரையும் தொந்தரவு செய்யாமல் அந்த வழியாக மண்ணுக்குள் போய் அடங்கிவிடும். வழி நன்றாக இருந்தால் பல்பு பளீர். வழி அடைபட்டால் பல்பு மங்கல். அப்போது தப்பிய கரண்ட் என்ன செய்யும்? வேறு வழி தேடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஒரு மனுஷி கிடைத்தால்… போதும்.

நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அக்கா. போகிறேன் என்று பையை மூட்டை கட்டினாலும், போவதற்கு முன் எங்களுக்குச் சோறு வடித்து வைக்காமல் போக மனம் வரவில்லை அவருக்கு. விறகு அடுப்பில் உலை. அரிசி களைந்த தண்ணீரை பிளாஸ்டிக் பக்கெட்டோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பப்பாளி மரத்தடியில் ஊற்றுகிற சத்தம்.

பல்பு கண் விழித்தது.

மாயம் இல்லை, கண்ணால் பார்த்தேன். சிவப்பு இழை ஆரஞ்சாகி, மஞ்சளாகி, மெதுவாக… விடிவது போல. ஏகாம்பரம் கத்தினார்.

"யாரு? யாரு இன்னா பண்ணது?"

பின்பக்கத்திலிருந்து அக்கா அதைவிடச் சத்தமாக:

"நான் ஒன்னியும் தொடலப்பா! அரிசி கழுவுன தண்ணிதான் ஊத்துனேன். அதுக்கும் கரண்டுக்கும் இன்னா?"

"அம்மா, அங்கயே நில்லுங்க… இல்ல இல்ல, அங்க நிக்காதீங்க! இப்படி தள்ளி வாங்க!"

மெயினை அணைத்துவிட்டு மூன்று பேரும் பப்பாளி மரத்தடிக்குப் போனோம். மரத்தை ஒட்டினாற்போல் துணி துவைக்கிற கல். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மண் மூடிய ஒரு சிமெண்ட் மூடி. அதைத் தூக்கினால் ஒரு பைப்பின் தலை, அதில் முறுக்கிய ஒயர். இதுதான் எங்கள் வீட்டின் எர்த் குழி. இத்தனை வருஷமாக அதன் தலைமேல் நின்றுதான் துணி உலர்த்தியிருக்கிறேன். தெரியாது.

ஏகாம்பரம் கடப்பாரையால் ஓரத்தில் குத்தினார். முழங்கால் ஆழம் போகவில்லை, 'ணங்'. பாறை. வீடு கட்டியவர் பாறை தட்டியதும் அத்தோடு விட்டிருக்கிறார். பாறையில் எர்த் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் எப்போதும் ஈரம் சொட்டுகிற இடமாகப் பார்த்து, துணிக்கல்லுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார். சோம்பேறித்தனமா, சாமர்த்தியமா? இரண்டும் ஒரே குழிக்குள் இருக்கலாம் போலிருக்கிறது.

எனக்குள் ஏதோ ஒன்று வரிசையாக அடுக்கிக்கொண்டது.

"அக்கா… நேத்து துணி எப்ப துவைச்சீங்க?"

"காலையில. குளிக்கிறதுக்கு முன்னால. எப்பவும் அப்படித்தானே?"

"இன்னிக்கு?"

"வெள்ளிக்கெழம எவளாச்சும் துணி…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

துணிக்கல்லைப் பார்த்தார். கல்லைச் சுற்றி வெளுத்து, பொரிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். மழை பார்த்து எத்தனையோ நாளான சரளை மண். பாறைமேல் ஒரு போர்வை கனத்துக்குத்தான் மண் இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் சரிவில் இறங்கி ஒரே வெயிலில் காய்ந்துவிடும். மற்ற நாள் விடிகாலையில் துணித்தண்ணீர் விழுந்து குழி நனையும். அதன் பிறகு அவர் குளிப்பார். செவ்வாய், வெள்ளி மட்டும் காய்ந்த குழியோடு குளிப்பார். நான் குளிப்பது மத்தியானம் — அதற்குள் அரிசித் தண்ணீர், பாத்திரத் தண்ணீர் எல்லாம் விழுந்துவிட்டிருக்கும். சேகர் குளிப்பது மில்லிலிருந்து வந்த பிறகு, அதுவும் பித்தவெடிப்புக்குப் பயந்து ரப்பர் செருப்போடு. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போய்த் தொட்டேனே? தரை ஜில்லென்றிருக்கிறதென்று, அக்காவின் சட்டத்தை மீறிச் செருப்பு போட்டுக்கொண்டுதான் தொட்டேன். பிறகு வந்து பிடித்த சேகரும் அப்படித்தான்.

அம்மனா? இல்லை. கிழமையா? கிழமைதான்!

"அப்போ…" அக்கா துணிக்கல்மேல் உட்கார்ந்தார். "நான் வந்து, என் சட்டத்த போட்டு, நானே கெடுத்துக்கினேன்னு சொல்லு."

அதற்குள் ஏகாம்பரம் உள்ளே போய்க் கீசரைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். உள்ளிருந்து சூடேற்றுகிற காயிலை உருவிக்கொண்டு வந்தார். போர் தண்ணீரின் உப்பு படிந்து, சுண்ணாம்பு பூசிய விரல் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு.

"இது எப்பவோ விட்டுப்போச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாலருந்தே ஒழுவுது. டெய்லி தொவைக்கிற தண்ணிதான் இத மறைச்சிக்கினு இருந்திருக்குது" என்றார். "இவங்க ரெண்டு பேரும் வூட்ட பூட்டிக்கினு நாலு நாளு எங்கயாவது போய்ட்டு வந்து, செருப்பு இல்லாம குளிச்சிருந்தாங்கன்னு வைங்க…"

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம்.

நான் அந்தக் காயிலைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் அழுக்குத் தண்ணீர் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சோப்பு நுரையும் சட்டைக் காலரின் கறையும் தினமும் அந்தக் குழிக்குள் இறங்கி, எங்கள் மரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மண்ணுக்குள் அனுப்பியிருக்கின்றன. ஒரு தப்பு இன்னொரு தப்பின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்க, அதற்குத்தான் நாம் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று பெயர் வைத்திருக்கிறோமோ?

சேகர் விஷயம் கேள்விப்பட்டு மில்லிலிருந்து வந்தார். தலையெல்லாம் சாமைத் தவிடு. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மிகுந்த யோசனையோடு சொன்னார்:

"அப்போ டெய்லி காலையில குழியில ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டா போதும்ல?"

"டேய்! செலவுக்கு பயந்துகினு அக்காவ சாவடிச்சிடாதடா!"

குரல் திரும்பிவிட்டது.

மத்தியான பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. நான் வேண்டுமென்றே திரும்பிப் பார்க்கவில்லை. ஏகாம்பரம் ஸ்விட்ச் போர்டில் புதிதாக ஒரு பெட்டி மாட்டிக்கொண்டிருந்தார் — கரண்ட் கொஞ்சம் வழி தவறினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் மெயினை வெட்டிவிடுகிற ஆர்சிசிபி. அதில் ஒரு சின்ன பட்டன். "மாசத்துக்கு ஒருவாட்டி இத அமுக்கணும். டொக்குன்னு கரண்டு போவணும். போனா அது உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்" என்றார். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "நவுரு, நான் அமுக்குறேன்" என்றார்.

டொக்.

பஸ்ஸின் சத்தம் சந்தவாசல் பக்கம் தேய்ந்து போயிற்று.

காயிலை மாற்றியாயிற்று. எர்த் குழியை வீட்டுக்குக் கீழே, மண் ஆழமாக இருக்கிற கொல்லை வரப்புக்கு மாற்றியாயிற்று — நீளமான ராடு, சுற்றிலும் கரியும் உப்பும். வெயில் காலத்தில் அதற்கும் தண்ணீர் காட்ட வேண்டும். அது நாமே செய்யக்கூடிய வேலை. பட்டனை அமுக்கிப் பார்ப்பதும், பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதா, யாராவது உடைத்து எறிந்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் நம் வேலை. கீசரைத் திறப்பது, எர்த் ஒயரை 'சும்மா', கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரோடு முறுக்கி விடுவது… இதெல்லாம் நம் வேலை இல்லை. இரண்டாவது, யாருடைய வேலையும் இல்லை. குழாய் 'லேசாக' சுர்ரென்றால்? மெயினை அணையுங்கள். ஆள் வந்து பார்க்கிற வரை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். ஜவ்வாது மலையிலேயே குளிக்கிறோம், உங்களுக்கென்ன?

இந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனார். வெறுங்காலோடுதான். துணிக்கல் காய்ந்தே கிடந்தது. சட்டத்தில் எந்தத் திருத்தமும் இல்லை. நானும் சேகரும் ஏதோ வேலை இருப்பது போல் குளியலறைக்கு வெளியே நடமாடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் விழுகிற சத்தம். நின்றது. மறுபடியும் விழுந்தது.

உள்ளேயிருந்து குரல்:

"இன்னா ரெண்டு பேரும் வாசல்ல நின்னுக்கினு? ஒன்னும் கடிக்கல. போய் பொழப்ப பாருங்க! டேய் சேகரு, கீழ போவசொல்ல என் கிரைண்டர தூக்கினு வந்துடு. ஒங்க வூட்டு மிக்சியில அரைச்சா இட்லியா வருது?"

கிரைண்டரை யாரும் ஒரு மாதத்துக்காக மலையேற்றுவதில்லை.

வீட்டில் யாராவது 'எனக்கு மட்டும்தான் இப்படி ஆகுது' என்று சொன்னால், உடனே சிரித்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் நிற்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள் — மெயினை அணைத்துவிட்டு.